நாய்ச் சோறும் பாஸ்டன் பெண்களும்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்பில் தெருநாய்களுக்குச் சோறு வைப்பது பற்றி ஒரு வருடமாகச் சண்டை. சங்கச் செயலாளர் நான். வாதத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கும் விழுமியங்களைக் கேட்க வேண்டும் என்று எங்கோ வாசித்தேன். கூட்டத்தில், "உங்களுக்கு மனுஷன் முக்கியமா, நாய் முக்கியமா?" என்று கேட்டேன். நாற்காலி பறக்காததுதான் குறை. எங்கே தவறினேன்?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டது கேள்வி இல்லை, தூண்டில்.

1994 டிசம்பர் 30 அன்று, அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில், கருக்கலைப்பு செய்யும் இரண்டு கிளினிக்குகளில் ஒருவன் சுட்டான். வரவேற்பில் இருந்த இரு பெண்கள் இறந்தார்கள். அதன்பின் கருக்கலைப்பை ஆதரிக்கும் மூவரும் எதிர்க்கும் மூவருமாக ஆறு பெண் தலைவர்கள் ரகசியமாகச் சந்தித்துப் பேசினார்கள், ஐந்தரை வருடம். நடத்தியவர்களில் ஒருவரான லாரா சேசின் குடும்பநல சிகிச்சையாளர். (புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பார்த்தவருக்கு எதுவும் பெரிதில்லை போலும்.) இத்தகைய கூட்டங்களில் அவருடைய குழு கேட்டுவந்த கேள்விகள் எளியவை. இந்த விஷயம் உங்கள் வாழ்க்கையில் எப்படி வந்தது? உங்களுக்கு இதன் மையம் எது? உங்கள் நிலைப்பாட்டிலேயே உங்களுக்குத் தயக்கம் உள்ள இடம் எது?

மூன்றாவதுதான் அசல் கேள்வி. எதிராளியைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் கிடையாது.

வயிற்றில் இருப்பதை என்னவென்று சொல்வது என்பதிலேயே அவர்கள் முட்டிக்கொண்டார்கள். 'பிறக்காத குழந்தை' என்பதை ஒரு தரப்பு ஏற்கவில்லை, வெறும் 'கரு' என்பதை மறுதரப்பு ஏற்கவில்லை. கடைசியில் 'மனிதக் கரு' என்று அரைமனதாக ஒப்புக்கொண்டார்கள். உங்கள் கூட்டத்திலும் 'வெறிநாய்', 'வாயில்லா ஜீவன்' இரண்டையும் வாசலிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஆனால் யாரும் மனம் மாறுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். 2001 ஜனவரியில் ஆறு பேரும் சேர்ந்து 'பாஸ்டன் குளோப்' நாளிதழில் எழுதியபோது, அவரவர் நிலைப்பாடு இன்னும் உறுதியாகிவிட்டது என்றே சொன்னார்கள். ஆனால் இடையில் இன்னொன்று நடந்திருந்தது. சுட்டவனைப் புகழ்ந்த ஒருவர் பாஸ்டனுக்கு வரப்போவதாக அறிவித்தபோது, 'நீங்கள் வர வேண்டாம்' என்று கடிதம் எழுதியவர்கள் கருக்கலைப்பை எதிர்த்த அந்த மூன்று பெண்கள்தான்.

அடுத்த கூட்டத்தில் நாய் கடித்த பிள்ளையின் அப்பா முதலில் பேசட்டும். அப்புறம் தினமும் சோறு வைக்கும் அம்மா. குறுக்கே யாரும் பேசக் கூடாது. சரி, இதை நடத்துவது மட்டும் வேறு யாராவதாக இருக்கட்டும். நீங்கள் எந்தக் கட்சி என்பதை உங்கள் கேள்வியே சொல்லிவிட்டது.