ஓய்வுச் சான்றிதழ் முடிந்த பின் வந்த எட்டு நாள்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதும் வாசகிக்கு, எடைக் குறைப்புக்காக இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. மருத்துவர் எழுதித் தந்த நான்கு வார ஓய்வு முடிந்தும் குமட்டலும் தலைசுற்றலும் நிற்காததால், யாருக்கும் சொல்லாமல் மேலும் எட்டு வேலைநாள்கள் வீட்டில் இருந்துவிட்டுக் கிடங்கு வேலைக்குத் திரும்பியிருக்கிறார். அழகுக்காகச் செய்துகொண்டதற்கெல்லாம் விடுப்பா என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டாராம். இப்போது ஒழுங்கு விசாரணைக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. ராஜினாமா செய்தால் ஒரு மாதச் சம்பளம் தருவதாகவும் நிர்வாகம் சொல்கிறது. மேலாளர் மீது அவமதிப்பு வழக்குப் போடலாமா என்பது அவர் கேள்வி.

அம்மா, மேலாளரின் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அது தரக்குறைவான பேச்சுதான். ஆனால் உங்கள் வேலையை அது காப்பாற்றாது. அறுவை சிகிச்சை தேவையா, விருப்பமா என்ற வாதமும் வேண்டாம். மருத்துவர் உங்களை வேலைக்குத் தகுதியற்றவர் என்று சான்றளித்த நான்கு வாரங்களைப் பற்றி எவரும் பெரிதாகக் கேட்கப் போவதில்லை. கேள்வி அந்த எட்டு நாள்களைப் பற்றியது மட்டுமே.

வாரம் 5 நாள் வேலை செய்பவருக்கு 36 மாதச் சுழற்சியில் 30 நாள் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு உண்டு. 20 நாள்களே எடுத்திருந்தால் கணக்கில் இன்னும் இடமிருக்கிறது. ஆனால் தொடர்ந்து 2 நாளுக்கு மேல் வராதிருந்து சான்றிதழும் காட்டாவிட்டால், அந்த நாள்களுக்குச் சம்பளம் தர நிர்வாகம் கடமைப்பட்டதல்ல. தகவல் சொல்லாமல் இருந்தது ஒழுங்குமீறல் என்பது இதிலிருந்து வேறான குற்றச்சாட்டு.

இந்த இடத்தில்தான் என்னிடம் வழக்குக்கு வந்த கட்சிக்காரர்கள் பலர் விழுந்திருக்கிறார்கள். விசாரணைக்கு முந்தைய நாள் பக்கத்துத் தெருவிலுள்ள ஏதோ ஒரு மருத்துவரிடம் போய், கடந்துபோன நாள்களுக்குச் சான்றிதழ் வாங்கி வருவார்கள். இந்நாட்டு மருத்துவர்களின் ஒழுக்க விதிப்படி, நோயாளியைப் பரிசோதித்த தேதியும் நேரமும், தாமே பரிசோதித்துக் கண்டதா அல்லது நோயாளி சொன்னதை வைத்து எழுதியதா என்பதும் சான்றிதழில் இருக்க வேண்டும். நிர்வாகத்தின் மனிதவள அலுவலர் அந்த மருத்துவமனைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்தால் போதும். எட்டு நாள் வராமை என்ற சிறிய குற்றச்சாட்டு நேர்மையின்மை என்ற பெரிய குற்றச்சாட்டாக மாறிவிடும். முன்னதற்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு தப்பலாம். பின்னதற்குச் சமரச, நடுவர் ஆணையமான சி.சி.எம்.ஏ.வில் கூட எவராலும் உங்களைக் காப்பாற்ற முடியாது. (அங்கே ஒழுங்கு, உடல்தகுதி தொடர்பான பணிநீக்க வழக்குகளில் வழக்கறிஞருக்கு உரிமையாக இடமில்லை, அனுமதி பெற்றுத்தான் நுழைய வேண்டும் என்பதையும் பலர் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.)

ஆகவே அறுவை செய்த மருத்துவரிடமே போங்கள். அந்த நாள்களில் நீங்கள் அவருடைய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசியிருந்தால் அதன் பதிவு இருக்கும். அதை மட்டும், உள்ளபடி, கடிதமாகக் கேளுங்கள். கூடவே இன்றைய நிலைக்கு ஒரு புதிய சான்றிதழும் வாங்குங்கள். முழு ஓய்வா, இலகுவான வேலை செய்யலாமா என்பதைக் குறிப்பிடும் கடமை அவருக்கு உண்டு. இந்த அறுவைக்குப் பின் கனமானதைத் தூக்குவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் தடை சொல்வார்கள் என்பதால், பெட்டி தூக்கும் கிடங்கில் அந்த ஒரு வரிக்குத் தனி மதிப்பு இருக்கிறது. நோயின் பெயரை எழுத உங்கள் சம்மதம் தேவை. கொடுக்க விருப்பமில்லையென்றால் கொடுக்க வேண்டாம்.

ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் கையெழுத்திடாதீர்கள். தாமாக விலகியவருக்கு, வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யு.ஐ.எஃப். தரும் வேலையின்மைத் தொகை கிடைக்காது. நிர்பந்தத்தால் விலகினேன் என்று பிறகு சொன்னால், வேலையில் நீடிக்கவே முடியாத நிலை இருந்தது என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். மேலாளர் ஒருமுறை பேசியது அதற்குப் போதாது.

என் கருத்து சமரசம்தான். விசாரணையில் எட்டு நாள்கள் சொல்லாமல் இருந்ததை ஒப்புக்கொண்டு, இறுதி எச்சரிக்கையை ஏற்று, அந்த நாள்களின் சம்பளத்தையும் விட்டுவிட்டு, அதற்கு ஈடாகச் சில வாரங்களுக்கு இலகுவான வேலையை எழுத்தில் வாங்குங்கள். தொழிற்சங்கப் பிரதிநிதியோ சக ஊழியரோ உடன் வரட்டும். இதையும் மீறி நீக்கினால், நீக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆணையத்தில் பதிவு செய்துவிட்டு என்னிடம் வாருங்கள்.