பசுமைக் கட்சிக்கு யார் தலைவர்?

கேள்வி: இங்கிலாந்து-வேல்ஸ் பசுமைக் கட்சி 2025 செப்டம்பரில் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்ததே, எம்.பி.யாக இருந்த இரண்டு பேரைத் தோற்கடித்துவிட்டு எம்.பி.யே இல்லாத ஒருவருக்கு ஓட்டுப் போட்டது சரியா அண்ணே?
*- வாசகர், கீழக்கரை*

பதில்: ஜாக் போலன்ஸ்கிக்கு 20,411 ஓட்டு, எதிரே ஜோடியாக நின்ற ஏட்ரியன் ராம்சே, எல்லி சௌன்ஸ் இருவருக்கும் சேர்த்து 3,705. உறுப்பினர்கள் போட்ட ஓட்டு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். வாடகை, விலைவாசி, பெரும் பணக்காரர்களுக்கு வரி என்று போலன்ஸ்கி பேசியது இளைஞர்களை இழுத்தது. ஆனால் தோற்றவர்கள் இருவரும் 2024இல் கிராமப்புறத் தொகுதிகளில் ஜெயித்தவர்கள் தம்பி. கட்சிக்கு அந்தத் தேர்தலில் கிடைத்த 4 இடங்களில் 2 அவை. சௌன்ஸின் தொகுதி 'வை' (Wye) என்கிற ஆற்றின் படுகையில் இருக்கிறது, கோழிப் பண்ணைக் கழிவு ஆற்றைக் கெடுப்பதுதான் அங்கே பெரிய சண்டை. இறால் பண்ணை வந்து கிணறு உப்பாகிப்போன ஊர்க்காரனிடம் கேட்டுப் பாருங்கள், அந்த வலி உடனே புரியும். அதனால், ஓட்டு எனக்கு இருந்திருந்தால் அந்த ஜோடிக்குத்தான் போட்டிருப்பேன்.

இன்னொன்று, அவர்கள் ஓட்டுச்சீட்டில் 'மறுபடியும் மனு வாங்குங்கள்' என்றும் ஓர் இடம் உண்டு. நம் நோட்டா மாதிரி தெரியும், ஆனால் அது ஜெயித்தால் தேர்தலையே திரும்ப நடத்த வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

கேள்வி: அந்தக் கட்சிக்கு முன்பு தலைவரே கிடையாதாமே?
*- வாசகர், தொண்டி*

பதில்: ஆமாம், 2008 வரை முதன்மைப் பேச்சாளர்கள்தான். உறுப்பினர்களிடம் ஓட்டெடுத்து மாற்றினார்கள். முதல் தலைவர் கேரலைன் லூகாஸ், 2010இல் கட்சியின் முதல் எம்.பி.யும் அவர்தான். ஜெர்மனியின் பசுமைக் கட்சிக்கு இன்றும் இரண்டு தலைவர்கள், அதில் ஒருவராவது பெண்.

கேள்வி: நம்ம கரையில் இப்படி ஒரு கட்சி வந்தால் யாரைத் தலைவராக்கலாம்?
*- வாசகி, பாம்பன்*

பதில்: உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது தங்கச்சி. சின்னப்பாலத்துப் பாசி எடுக்கிற பெண்களைப் பாருங்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டி மூச்சடக்கி இறங்குகிறார்கள், மரிக்கொழுந்துப் பாசியைக் கையாலேயே பறிக்கிறார்கள், பாறை கிழித்த தழும்பு விரலெல்லாம் இருக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவானபின் வனத்துறையோடு எவ்வளவு தகராறு! அப்படியும் மாதத்துக்கு 12 நாள்தான் இறங்குவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் பாசி திரும்ப வளர நாள் வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுடைய தலைவிக்கு 2015இல் சர்வதேச விருதே கிடைத்தது.

வயிற்றுப்பாட்டையும் கடலையும் ஒன்றாக வைத்து முடிவெடுத்துப் பழகியவர்கள் இவர்கள். அப்புறம் என்ன, கட்சி தொடங்குகிறவர்கள் மதுரையிலோ சென்னையிலோ மண்டபம் பிடிக்காமல், பாசி காய்கிற நேரத்தில் அந்தக் கரைக்கே வந்து உட்கார்ந்து, யார் தலைவர் என்று அவர்களிடம் கேட்கட்டும். காலையில் வரக் கூடாது, எல்லாரும் தண்ணீரில் இருப்பார்கள்.