கட்டம் விலகுகிறதே!

கேள்வி: மேசை விளையாட்டுகளை இணையவழி ஆட உதவும் ஃபவுண்ட்ரி மென்பொருளில் டி&டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற கதை விளையாட்டை நடத்துகிறேன். 30×20 கட்டமுள்ள குகை வரைபடத்தை ஏற்றினால், இடது மூலையில் பொருந்தும் கட்டங்கள் வலப்பக்கம் போகப்போக விலகுகின்றன. ஏன்?

பதில்: போகப்போக விலகல் கூடினால், கட்ட அளவு தவறு. எங்கும் ஒரே அளவு விலகல் என்றால் படத்தை நகர்த்தினாலே போதும். படத்தின் அகலத்தைக் கட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 2100 பிக்சலை 30 ஆல் வகுத்தால் 70. ஃபவுண்ட்ரியின் காட்சி (Scene) அமைப்பில் கட்ட அளவு 100 என்றே இருக்கும், அதை 70 ஆக்குங்கள். 2115 பிக்சல் படமென்றால் 70.5 வரும். இந்த அரைப் பிக்சல்தான் வில்லன். ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் படத்தை 3000×2000 ஆக மாற்றி, 100 என்றே விடுங்கள். ஓரத்தில் வெள்ளைச் சட்டம் இருந்தால் முதலில் அதை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கே தப்பும். படத்திலேயே கோடுகள் அச்சாகியிருந்தால் மென்பொருள் கோட்டின் அடர்த்தியைச் சுழியமாக்கலாம். இரட்டைக் கோடு கண்ணை உறுத்தும்.

கேள்வி: ஒரே வைஃபையில் இருப்பவர்கள் இணைகிறார்கள், வெளியூர் நண்பர்களால் முடியவில்லை. அவர்களும் மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், நடத்துபவரிடம் உரிமம் இருந்தால் போதும், மற்றவர்களுக்கு உலாவி போதும். ரவுட்டரில் 30000 என்ற போர்ட்டை (ஃபவுண்ட்ரி பயன்படுத்தும் இணைப்பு வாசல்) உங்கள் கணினிக்குத் திருப்பிவிடுங்கள். அப்படியும் இணையவில்லை என்றால், ரவுட்டர் காட்டும் வெளி ஐபி எண்ணும் இணையத்தில் தெரியும் உங்கள் எண்ணும் ஒன்றா பாருங்கள். வேறாக இருந்தால் ஒரே எண்ணைப் பல வீடுகள் பகிர்கின்றன; போர்ட் திருப்புவது பலிக்காது. இணைய நிறுவனத்திடம் நிலையான ஐபி கேளுங்கள், அல்லது வாடகை சர்வருக்கு மாறுங்கள்.