ஒஸ்லோவை விட்டு போட்ஸ்ஃபியூர் போகலாமா?

தம்பி, குடும்ப இணைப்பில் ஒஸ்லோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஷூர்செயா கொள்கலன் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் பகுதிநேர வேலை, இப்போது வடக்கே போட்ஸ்ஃபியூரில் மீன் தொழிற்சாலையில் முழுநேர வேலை வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மனைவியோடு அந்தச் சின்ன ஊரில் வாழ முடியுமா என்பது உங்கள் கேள்வி.

வாழலாம். நானும் போட்ஸ்ஃபியூர் இருக்கும் வடகோடி மாகாணமான ஃபின்மார்க்கின் மீன் ஊர்களில் வேலை செய்துவிட்டுத்தான் த்ரொம்சோவுக்கு வந்தேன். 80களில் நம்மவர்கள் நிறையப் பேர் நோர்வேயில் முதலில் சம்பளம் கண்டது அங்கேதான். பிள்ளைகள் வளர்ந்ததும் பெரும்பாலானோர் ஒஸ்லோப் பக்கம் இறங்கிவிட்டார்கள். ஆகவே இருட்டு, குளிர் என்று பயமுறுத்துகிறவர்களை விடுங்கள். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை சூரியன் எழாது, உண்மைதான். ஆனால் அத்திலாந்திக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தால் கடல் உறையாது, படகுகள் வந்துகொண்டே இருக்கும், ஊரும் விழித்தே இருக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. ஷூர்செயாவில் கப்பல் ஒரு கால அட்டவணைப்படி வரும். கோடையா மாரியா என்று கொள்கலனுக்குக் கவலையில்லை. போட்ஸ்ஃபியூரில் வேலை நேரத்தைத் தீர்மானிப்பது கோட் மீன். பேரன்ட்ஸ் கடலில் வளர்ந்த கோட், ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை லொஃபோத்தன் தீவுகளுக்கு முட்டையிட வரும். அப்போது ஸ்வொல்வார், ஹென்னிங்ஸ்வார் படகுத்துறைகளில் நிற்க இடமிருக்காது. அங்கே உப்பே போடாமல் காற்றில் காயவிடும் கருவாடு இத்தாலிக்குப் போகும், காய்ந்த தலைகள் நைஜீரியாவுக்குப் போகும். (தலையை நாம் குழம்புக்குக் கேட்டால் முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே சும்மா கொடுப்பார்கள்.) ஃபின்மார்க் கரையில் கதை கொஞ்சம் வேறு. வசந்தத்தில் லொட்ட என்ற சின்ன மீன் முட்டையிடக் கரைக்கு வரும். அதைத் தின்ன இளம் கோட் பின்னால் வரும். போட்ஸ்ஃபியூரும் வார்தோவும் அப்போதுதான் இரவு பகல் பார்க்காமல் ஓடும். கோடையில் மூல மீன் குறையும். இலையுதிர் காலத்தில் ராஜ நண்டு கொஞ்சம் கைகொடுக்கும். 60களில் சோவியத்துக்காரர்கள் பேரன்ட்ஸ் கடலில் கொண்டுவந்து விட்ட நண்டு அது.

மீன் இல்லாத நாட்களில் ஆட்களைத் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்புவார்கள். பெர்மித்தெரிங் என்று அதற்குப் பெயர். அந்த நாட்களில் நாவ் என்ற அரச வேலை, நலன் அலுவலகம் தரும் பணம் உங்களுடைய முந்தைய வருமானத்தைப் பொறுத்தது. புதிதாக வந்தவருக்கு அது போதாமல் போகலாம். இதில் இப்போதைய காலமும் நல்ல காலம் இல்லை. நோர்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து முடிவு செய்யும், பேரன்ட்ஸ் கடலில் பிடிக்கலாம் என்ற கோட் அளவு 2021இல் 885,600 தொன். 2025இல் அது 340,000 தொன். 1991க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை. அந்த வெட்டு கடைசியில் விழுவது வெட்டு மேசையில் நிற்பவரின் மணிநேரத்தில்தான்.

அதனால் முழுநேரம் என்று வாயால் சொன்னால் போதாது. ஒப்பந்தம் நிரந்தரமா, சீசனுக்கு மட்டுமா, கிழமைக்கு எத்தனை மணிநேரம், வீட்டு வாடகையைச் சம்பளத்தில் பிடிப்பார்களா, இதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். மீன் பதனிடும் வேலைக்குச் சட்டப்படி அடிமட்டச் சம்பளம் உண்டு. அந்தத் தொகையை ஆர்பைட்ஸ்தில்சீனே என்ற அரச தொழில் கண்காணிப்பு அமைப்பு இணையத்திலேயே போட்டிருப்பார்கள், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

லாபங்களும் இருக்கின்றன. ஃபின்மார்க்கில் வருமான வரி குறைவு. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊர் என்பதால் நோர்வே மொழி பேசாமல் தப்ப முடியாது. ஒஸ்லோவில் தமிழிலேயே பத்து வருடம் ஓட்டிய ஆட்களை நான் அறிவேன்! கரையில் நின்று தூண்டில் போட்டு வீட்டுக்கு மீன் பிடிக்கக் காசும் கட்ட வேண்டாம்.

மனைவியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பிள்ளை பிறக்கும் எண்ணம் உண்டென்றால் இதைக் கேளுங்கள். அந்தப் பகுதியின் மருத்துவமனைகள் கிர்கெனெஸிலும் ஹம்மர்ஃபெஸ்டிலும்தான். புயல் அடித்தால் மலைவழியை மூடிவிடுவார்கள். சில நாள் பனி அகற்றும் வண்டிக்குப் பின்னால் வரிசையாக மட்டும் போக விடுவார்கள். சின்ன விமானமும் பறக்காமல் போகலாம். ஹூர்த்திரூத்தன் கரையோரக் கப்பல் போட்ஸ்ஃபியூரைத் தொட்டுத்தான் போகும், ஆனாலும் மோசமான காற்றில் அதுவும் சில வேளை துறையைத் தவிர்த்துவிடும்.

நானாக இருந்தால் வசந்த சீசனுக்கு முதலில் தனியாகப் போவேன். மனைவி ஒஸ்லோவில் மொழி வகுப்பை முடிக்கட்டும். கோடைக்கு முன் முதலாளியிடம் ஆகஸ்ட், செப்டம்பருக்கு எத்தனை மணிநேரம் என்று கேளுங்கள். நேரான பதில் வந்தால் அப்புறம் வீடு பார்க்கலாம்.