முதலில் ஐந்து இறாலை வேகவையுங்கள்

கேள்வி: குளத்தில் வனாமி இறால் விட்டு 80 நாள் ஆகிறது. குளத்துக்கு வெளிர் நிற ஷீட் விரித்திருக்கிறேன். தண்ணீரும் தெளிவுதான். இறால் கண்ணாடி மாதிரி வெளுத்திருக்கிறது. இந்த நிறத்துக்கு விலை குறைப்பேன் என்கிறார் வியாபாரி. பிடிக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கடைசி ஐந்து நாள் தீவனத்தில் கலந்தால் போதும் என்று ஏஜென்ட் ஒரு கலர் டானிக் தருகிறார். கிலோவுக்கு எவ்வளவு கலக்கலாம்?

பதில்: இப்போதைக்கு ஒன்றும் கலக்க வேண்டாம். டப்பாவில் அஸ்டாசாந்தின் (இறாலுக்குச் சிவப்பு தரும் நிறமி) எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறதா, பாருங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐந்து நாளில் நிறம் ஏறும் என்பவருக்குத் தன் கமிஷன் தெரியும், இறாலைத் தெரியாது.

இவ்வளவு எழுதிய நீங்கள், வேகவைத்தால் என்ன நிறம் வருகிறது என்று எழுதவில்லை. அதுதான் கேள்வியே. இறாலின் தோலுக்கடியில் உள்ள நிறமிச் செல்கள் கரிய தரையில் விரியும், வெளிர் தரையில் சுருங்கிவிடும். வலையில் எடுத்ததை வெள்ளை பக்கெட்டில் போட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இன்னும் வெளுக்கும். (பெரும்பாலும் வியாபாரிக்கும் அதே பக்கெட்டில்தான் காட்டியிருப்பீர்கள்.) உடம்பில் அந்த நிறமிச் சத்து இருந்தும் வெளியே தெரியாத வெளுப்பு இது.

ஆகவே இன்று மாலை ஒரு கருப்பு டப்பில் குளத்துத் தண்ணீர் ஊற்றி, காற்று கொடுத்து, ஐந்து இறாலை விட்டு வையுங்கள். காலையில் கருத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குளத்திலிருந்து இன்னும் ஐந்தைப் பிடித்து, இரண்டையும் தனித்தனியாக வேகவையுங்கள். நிறமியைப் பிடித்து மறைத்திருக்கும் ஓட்டுப் புரதம் கொதியில் விட்டுக் கொடுத்ததும் சிவப்பு வெளியே தெரியும். நான் பண்ணைக்குப் போனால் தண்ணீர் டெஸ்டுக்கு முன்பே அடுப்பைத்தான் கேட்பேன். வாரம் ஒருமுறை இதைச் செய்கிறவர் கடைசி மாதத்தில் இப்படிக் கடிதம் எழுத மாட்டார்.

கருப்பு டப்பில் இருந்தவற்றுக்கு நல்ல சிவப்பு வந்தால் தீவனத்தில் குறையில்லை. குற்றம் ஷீட்டிலும் தெளிந்த தண்ணீரிலும் இருக்கிறது. பிளாங்டனை (தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை) வளர்த்துத் தண்ணீருக்குப் பழுப்புப் பச்சை கொண்டு வாருங்கள். அடுத்த முறை கருப்பு ஷீட் போடுங்கள்.

டப்பில் இருந்தவற்றுக்கும் வெளிறிய ரோஸ் நிறம்தான் வந்தால் சத்துக் குறைவு. அஸ்டாசாந்தினை இறால் தின்றுதான் சேர்க்க வேண்டும், அதற்கு நான்கு வாரமாவது பிடிக்கும். ஒரு நாள் தாமதிக்காமல் தொடங்குங்கள். கிலோ தீவனத்துக்கு 50 மில்லிகிராம் கணக்கு. 10 சதவீதச் சரக்கு என்றால் 25 கிலோ மூட்டைக்கு 12.5 கிராம். மீன் எண்ணெயில் குழைத்துப் பூசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயப்போட்டால் போட்ட காசு அங்கேயே வெளுத்துவிடும். கரையில் தார்ப்பாய் இல்லாமல் அடுக்கிய தீவன மூட்டைக்கும் அதே கதிதான்.

உயிரோடு இருக்கும்போதே சிவந்து ஓரத்துக்கு வந்தால் அது நிறமல்ல, நோய். உடனே பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

வியாபாரி மறுபடி வரும்போது பக்கெட்டைத் தூக்காதீர்கள். வெந்த இறாலைத் தட்டில் வைத்துவிட்டு விலை பேசுங்கள்.