பக்கத்து வீட்டுத் தொல்லையோடு வீட்டை விற்பது எப்படி? கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி பக்கம் வீடு விற்க இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கடலூரில் நெடுங்காலமாக ஆவண எழுத்தராக (பத்திரம் எழுதுபவராக) இருக்கும் ஒருவர் பதில் சொல்கிறார்.

மஞ்சக்குப்பம் வாசகி: எங்கள் வீட்டை ஒட்டிய மனை பல வருடமாகக் காலியாகக் கிடக்கிறது. சீமைக் கருவேலமும் குப்பையும் மண்டிவிட்டன. உரிமையாளர் வெளியூர். வீடு பார்க்க வருபவர்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். விலையைக் குறைக்கட்டுமா?

பதில்: குறைக்காதீர்கள் அம்மா. குப்பை என்பது கொஞ்சம் பணம் செலவழித்தால் போய்விடும் குறை. அதற்காக லட்சக்கணக்கில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பட்டாவைப் பார்த்தால் உரிமையாளர் பெயர் தெரியும். தெருவில் விசாரித்தால் போன் நம்பரும் கிடைக்கும். "என் செலவில் சுத்தம் செய்துகொள்கிறேன், ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். அந்த ஒரு வரி இல்லாமல் மட்டும் ஜேசிபியை அடுத்தவர் மனையில் இறக்காதீர்கள்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் மாநகராட்சியில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் பொதுத்தொல்லை மனு கொடுக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்பு 133 என்று சொல்லி வந்த பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பிஎன்எஸ்எஸ்) 152. எதைச் செய்தாலும் ஐப்பசிக்கு முன் செய்யுங்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. வீடு பார்க்க வருபவர் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார். பக்கத்து மனையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தால் உங்கள் கூடத்திலும் நின்றிருக்கும் என்றுதான் முடிவு கட்டுவார்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: பக்கத்து வீட்டு ஷீட்டிலிருந்து மழைத்தண்ணீர் எங்கள் சுவரில் விழுகிறது. அவருடைய மதிலும் எங்கள் பக்கம் தள்ளி வந்திருப்பதாகச் சந்தேகம். ஒரு கேஸ் போட்டு அவரை அடக்கிவிட்டு விற்கலாமா?

பதில்: இன்றைக்கு வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான் சார். முதலில் எல்லையை அளந்துவிடுங்கள். கேஸ் பிறகு.

கேஸ் போட்ட நாளிலிருந்து உங்கள் வீடு வழக்குச் சொத்து. விற்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 52-இன்படி வழக்கு நடக்கும்போது வாங்குபவரையும் அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். யார் வாங்குவார்? வங்கி வக்கீல் கடனுக்குச் சம்மதிப்பாரா? வில்லங்கச் சான்றில் வழக்கு வரவில்லையே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். நீதிமன்ற இணையதளத்தில் பெயரைத் தட்டினால் வந்துவிடும்.

அதனால் தாலுகா அலுவலகத்தில் எல்லை அளக்க மனு கொடுங்கள். சர்வேயர் பக்கத்துக்காரருக்கும் தகவல் கொடுத்து, புலப்படத்தை (அரசு அளவை வரைபடத்தை) வைத்து அளந்து எல்லையைக் காட்டுவார். சந்தேகம் பொய்யாகவும் போகலாம். மதில் உண்மையிலேயே ஏறியிருந்தால், அவரையே உட்காரவைத்து எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் அழுக்கைப் பொறுத்துக்கொள்வார், எல்லைத் தகராறைத் தொடவே மாட்டார்.

இனி ஷீட் தண்ணீர். இதே ஊரில் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன். புதிதாக வெள்ளையடித்த சுவர். வாங்க வந்தவர் ஒன்றும் பேசாமல் கட்டை விரலால் ஜன்னலுக்குக் கீழே அழுத்தினார். காரை பொலபொலவென்று உதிர்ந்து உள்ளே பச்சைப் பாசி தெரிந்தது. அதற்கப்புறம் நல்ல கூரை, நல்ல கிணறு எதைக் காட்டியும் அவர் நம்பவில்லை. மறைக்கப் பூசியதுதான் அவரை விரட்டியது. அதனால் பக்கத்துக்காரர் ஷீட்டுக்குத் தண்ணீர் வடிய ஒரு தகர வாய்க்காலும் பைப்பும் உங்கள் செலவிலேயே போட்டுக்கொடுங்கள்.

இன்னொன்று. உரிமை என்ற பேரில் தடையில்லாமல் 20 ஆண்டு உங்கள் மனை வழியாகத் தண்ணீர் விட்டு வந்தால், வசதியுரிமைச் சட்டப்படி (1882, பிரிவு 15) அது அவருக்கு உரிமையாகிவிடும். உங்களிடம் வாங்குபவர் தலையிலும் அது ஏறும். பழகியவர், தடுக்க மனமில்லை என்றால் "என் அனுமதியில் விடுகிறார்" என்று இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள். அனுமதியில் நடப்பது உரிமையாகாது.

வண்டிப்பாளையம் வாசகி: எதிர்வீட்டு வாசல் நேராக இருக்கிறது. வாஸ்துப்படி விலை குறையுமா?

பதில்: என் துறை இல்லை அம்மா.

முத்தியால்பேட்டை வாசகர்: பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் மாடியில் சாய்ந்து கம்பளிப்பூச்சி கொட்டுகிறது. வெட்டலாமா?

பதில்: சொல்லிவிட்டு, உங்கள் எல்லைக்குள் வந்த கிளையை மட்டும், உங்கள் பக்கம் நின்று வெட்டலாம். காயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லாஸ்பேட்டை வாசகர்: எனக்குக் கேள்வி இல்லை, ஆதங்கம்தான். நான் வாங்கிய வீட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே காட்டினார்கள். குடிவந்த திங்கட்கிழமை காலையில்தான் பின்புறம் வெல்டிங் பட்டறை இருப்பது தெரிந்தது. விற்றவர் சொல்லியிருக்க வேண்டாமா?

நெல்லிக்குப்பம் வழக்கறிஞர்: பதில் சொல்பவர் அனுமதித்தால் குறுக்கிடுகிறேன். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் விற்பவர் சொல்லியாக வேண்டியது என்று பிரிவு 55 சொல்வது சொத்திலும் உரிமையிலும் உள்ள பெரிய குறையை. அதுவும் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியாத குறையை. பட்டறை உங்கள் சொத்தில் இல்லை. ஒரு வேலை நாளில் தெருவைச் சுற்றியிருந்தால் தெரிந்திருக்கும்.

லாஸ்பேட்டை வாசகர்: ஞாயிறு மட்டும் காட்டியது தற்செயலா சார்? "இங்கே சத்தம் உண்டா?" என்று கேட்டேன். "அமைதியான தெரு" என்றார்.

பதில்: வழக்கறிஞர் சார் முதல் பாதியைச் சரியாகச் சொன்னார். ஆனால் அதே பிரிவில், சொத்தைப் பற்றி வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விக்குத் தெரிந்தவரை பதில் சொல்லும் கடமையும் விற்பவருக்கு இருக்கிறது. லாஸ்பேட்டைக்காரர் கேட்டிருக்கிறார். கேட்ட பிறகு "அமைதி" என்பது மௌனம் அல்ல, பொய்.

வழக்கறிஞர்: நிரூபிக்க வேண்டுமே? வாய்ப்பேச்சு. தவிர, பக்கத்துக்காரர் குணத்தை எல்லாம் பட்டியல் போட்டால் இந்த ஜில்லாவில் ஒரு வீடும் விற்காது.

பதில்: குணத்தைச் சொல்லச் சொல்லவில்லை சார். அவர் குடிப்பார், மனைவியோடு சண்டை போடுவார் என்பதெல்லாம் அவர் குடும்ப விஷயம், அதைப் பேசுவது தவறு. ஆனால் பட்டறை, கருவாடு காயப்போடும் களம், எல்லைத் தகராறு, நடக்கும் போலீஸ் புகார், இவை வாங்குபவர் தினமும் அனுபவிக்கப் போகிறவை. ஒருவர் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்குகிறார். நாளைக்கு அதே ஊரில், அதே கடைத்தெருவில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் எழுதும் பத்திரத்துக்கு விற்பவரிடம் இதை நேராகக் கேட்பேன். மறைப்பேன் என்பவருக்கு எழுத மாட்டேன்.

வழக்கறிஞர்: அது உங்கள் தர்மம். சட்டம் வேறு.

பதில்: சட்டத்தையும் மேலே சொல்லிவிட்டேன் சார்.

செம்மண்டலம் வாசகர்: பக்கத்து வீட்டில் குப்பை சேர்த்து வைக்கிறார்கள். விலை குறையுமா?

பதில்: மஞ்சக்குப்பம் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். எல்லையை அளந்தீர்களா?

அரியாங்குப்பம் வாசகர்: பக்கத்தில் குப்பை. எவ்வளவு குறைத்துச் சொல்லலாம்?

பதில்: தம்பி, இதே கேள்வி மூன்றாவது முறை. முதலில் குறைவது விலை அல்ல, வருபவர் எண்ணிக்கை. நாள் இழுக்கிறது. இழுப்பது தெரிந்துதான் வாங்குபவர் அடித்துப் பேசுவார். சுத்தம் செய்யுங்கள், பிறகு விலை பேசுங்கள். எல்லையை அளந்துவிடுங்கள். புதுச்சேரியில் அதற்கு நில அளவைத் துறையில் மனு.

புதுப்பாளையம் வாசகி: மேல்வீட்டில் ராத்திரி பதினொன்று வரை பாட்டு. வீடு பார்க்க வருபவரிடம் சொல்லவா?

பதில்: கேட்டால் சொல்லுங்கள். அதற்கு முன் மேல்வீட்டில் போய்ப் பேசுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது. வீடு விற்கப் போகிறேன், ஒரு மாதம் உதவுங்கள் என்று மரியாதையாகக் கேட்டால் கேட்பவர்கள் உண்டு.

தேவனாம்பட்டினம் வாசகர்: பக்கத்துக்காரர் எதற்கெடுத்தாலும் சண்டை. வருபவர்களிடம் "இந்த வீட்டில் தண்ணீர் வராது" என்று அவரே போய்ச் சொல்கிறார். என்ன செய்ய?

பதில்: அவருக்கே வீடு வேண்டுமோ என்னவோ. அடுத்த வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்க இப்படிச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரியவர் ஒருவரை வைத்து நேராகக் கேட்டுவிடுங்கள். மதிலை இடித்து ஒன்றாக்கிக்கொள்ளும் வசதி அவருக்குத்தான் இருக்கிறது, வெளியாளைவிட நல்ல விலையும் தரலாம். வேண்டாம் என்று சொன்னால், வருபவர் எதிரிலேயே மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைக் காட்டுங்கள். நாலு எல்லையும் அளந்த நகல் கையில் இருக்கட்டும்.