டாப்புக்குத் தவணையா? முதலில் மச்சானிடம் டீசல் காசு கேளுங்கள்

நெல்லை மாவட்டம் முக்கூடல் பக்கத்திலிருந்து 34 வயது டிராக்டர்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 45 எச்பி வண்டி, ரொட்டவேட்டர் (மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பை) சொந்தம். மணிக்கு 1,100 ரூபாய் வாடகை. போன வாரம் கோடை உழவு ஓட்டும்போது கண் இருட்டி, வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் படுத்திருக்கிறார். நீர்க்கடுப்பு வேறு. இரண்டு நாள் வேலை போயிற்று, ஆஸ்பத்திரிக்கு 1,400 ஆயிற்று. டிரைவர் தலைக்கு மேலே நிழலுக்குப் போடும் கூரைதான் டாப்; கடையில் பைபர் டாப் 14,500 சொல்கிறார்கள். மாதம் 1,450 வீதம் 12 தவணை. "கையில் காசு நிற்கவே மாட்டேங்குது. மனைவி சங்கிலி 40,000-க்கு ரெண்டு வட்டியில் அடகில் இருக்கு. சொந்தக்காரங்க தரவேண்டியது 62,000 இருக்கு, கேட்டால் வருத்தப்படுவாங்க. தவணையில் டாப் வாங்கலாமா, இல்லை இந்தக் கத்திரியையும் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டிவிடலாமா?" என்பது கேள்வி.

தம்பி, டாப் வேண்டும். அதில் யோசிக்கவே வேண்டாம். டீசல் மணிக்கு 5 லிட்டர், லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 465. தேய்மானம், ஆயில், பிளேடு என்று 150 கழித்தால் மணிக்கு உங்கள் கையில் நிற்பது 485. ஒரு நாளைக்கு 6 மணி நேரம் ஓடினால் 2,900 சொச்சம். இரண்டு நாள் படுத்ததில் 5,800, ஆஸ்பத்திரி 1,400, ஆக 7,200 போய்விட்டது. அந்தக் காசில் உள்ளூர்ப் பட்டறையில் நல்ல டாப் ஒன்று அடித்து மிச்சமும் இருந்திருக்கும். சேரன்மகாதேவிப் பக்கம் சித்திரை மாத வெயிலில் ஒரு டிரைவர் ஸ்டீயரிங் வளையத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துண்டு காய்ந்துவிடும், நனைப்பதற்கென்றே காலடியில் ஒரு குடம் தண்ணீர் வைத்திருந்தார். அந்தப் பாடு நீங்கள் பட வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது டாப்பின் விலையல்ல, அந்த 62,000. பிரித்து எழுதியிருக்கிறீர்கள்: மனைவியின் அண்ணன் 38,000, சித்தப்பா 15,000, மற்றவர்கள் 9,000. மச்சானுக்கு மூன்று கோட்டை விதைப்பாடு, அதாவது ஏறக்குறைய ஐந்து ஏக்கர். பிசான நெல் பருவத்துக்குத் தொழி (சேற்றுழவு) அடித்தது, வரப்போரம் திருப்பியது, வைக்கோல் ஏற்றியது எல்லாம் கடன். "அறுப்பு முடிஞ்சதும் தந்துருதேன் மாப்ள" என்றார். அறுப்பு முடிந்தது, நெல்லும் விற்றாயிற்று. இப்போது "காருக்கும் சேத்துத் தந்துருதேன்" என்கிறார், அதாவது அடுத்து வரும் கார் நெல் பருவத்துக்கும் சேர்த்து.

62,000 என்றால் 56 மணி நேர உழவு. அதற்கு ஊற்றிய டீசல் மட்டும் 26,000 ரூபாய். பங்க்கில் உங்களுக்கு யாரும் கடன் தரவில்லை. அந்தக் காசு எங்கிருந்து வந்தது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: புரட்டாசியில் டீசலுக்கும் பிளேடுக்கும் என்று சங்கிலியை வைத்தேன் என்று. ஆக மச்சான் வயலை உழுதது அவர் தங்கச்சி கழுத்துச் சங்கிலி. அதற்கு மாதம் 800 வட்டி. புரட்டாசி தொட்டு ஏழு மாதம், 5,600. பட்டறையில் டாப் அடிக்க ஆகும் காசு அத்தனையும் வட்டியாகவே போய்விட்டது.

கடனுக்கு உழுவது நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக உள்ள பழக்கம், எனக்குத் தெரியும். மாடு பூட்டி உழுத காலத்தில் அது தாங்கியது, ஏனென்றால் மாட்டுக்கு வைக்கோல் வீட்டிலேயே இருந்தது. டிராக்டருக்கு ஒவ்வொரு மணி நேரமும் 465 ரூபாய் ரொக்கம் வேண்டும். எனவே உறவை முறிக்காமல் ஒன்றே ஒன்று செய்யுங்கள். கார் பருவத்தில் யார் கூப்பிட்டாலும் மணிக்கு 500 ரூபாய் டீசல் காசு முன்னாலேயே வாங்குங்கள். மீதி 600-ஐ அறுப்புக்கு வாங்கிக்கொள்ளலாம், நெல்லாகத் தந்தாலும் சரி. பாபநாசம் அணை திறந்து தண்ணீர் வாய்க்காலில் வந்தபிறகு பேசினால் முடியாது, அப்போது எல்லோருக்கும் அவசரம். இப்போதே சொல்லிவிடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்கு எடுத்தால்கூடப் பணத்தை முன்னால் கட்டினால்தான் வண்டி வயலுக்கு வரும். அங்கே கட்டுகிற மனுசர் உங்களிடமும் கட்டுவார்.

மச்சானிடம் நீங்கள் போக வேண்டாம், உங்கள் மனைவி போகட்டும். அடகு ரசீதையும் எடுத்துக்கொண்டு போகட்டும். மாப்பிள்ளை கேட்டால் சடவு வரும், தங்கச்சி கேட்டால் வராது. முழுசும் கேட்க வேண்டாம். 38,000-இல் 20,000-ஆவது இந்த மாதமே வர வேண்டும். சித்தப்பாவின் 15,000-ஐயும் சேர்த்தால் 35,000. அதோடு கொஞ்சம் புரட்டிச் சங்கிலியை மீட்டு, அன்றைக்கே கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ தேவையான அளவுக்கு மட்டும் வையுங்கள். அங்கே வட்டி ஒரு ரூபாய்க்கும் கீழே. 40,000 முழுசும் வைத்தாலும் வருசத்துக்கு 4,000 சுமார். இப்போது கட்டுவது 9,600.

இனி அந்தத் தவணை. 1,450 × 12 = 17,400. வட்டி 2,900 தானே என்று தோன்றும். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ முழு 14,500-க்கும் முதல் நாளே போட்டாயிற்று. சரியாகக் கணக்குப் பார்த்தால் வருசத்துக்கு 35 சதவீதம், கிட்டத்தட்ட மூன்று வட்டி. அடகுக் கடையைவிட மோசம். அந்த டாப்பில் பேன், எல்இடி விளக்கு, பாட்டுப்பெட்டி எல்லாம் இருக்கிறது என்கிறீர்கள். வெயிலை மறைப்பது மேலே இருக்கும் தகடு ஒன்றுதான். கைபேசியில் பட்டனைத் தட்டினால் கடன் தருகிறோம் என்பவர்கள் பக்கமும் போக வேண்டாம்.

உள்ளூர் வெல்டிங் பட்டறையில் ஒரு இஞ்சு சதுரக் குழாயில் நாலு கால், மேலே ஐந்துக்கு நாலு அடி சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். குழாய், கூலி, தார்பாய் எல்லாம் சேர்ந்து 5,500-க்குள் முடியும். பேரம் பேசுங்கள். தகரம் வேண்டாம், மத்தியானம் அதுவே அடுப்பாகிவிடும், சத்தமும் போடும். மேலே வெள்ளைத் தார்பாய், அதற்குக் கீழே இரண்டு இஞ்சு இடைவெளி விட்டு ஒரு சாதாரணக் கோரைப்பாயை இழுத்துக் கட்டுங்கள். இடையில் காற்று ஓடும், தார்பாயின் சூடு தலையில் இறங்காது. புகைக்குழாய்ப் பக்கம் தார்பாய் நீளக் கூடாது, பற்றிக்கொள்ளும். கால்களை மட்கார்டுத் தகட்டில் மட்டும் மாட்டினால் குலுக்கலில் தகடு கிழியும், கீழே கனமான பிராக்கெட்டில் போல்ட் போடச் சொல்லுங்கள். வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கம்பெனி இரும்புச் சட்டம் இருந்தால், அதில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள், பலம் போய்விடும். இந்த டாப் வெயிலுக்கு மட்டும்தான், கவிழ்ந்தால் தாங்காது.

கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். வாழைத் தோட்டத்துக்குள் போகும்போதும், தாழ்ந்த கரண்டு கம்பி இருக்கும் பாதையிலும் தேவைப்படும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று அடிக்கும்போது தார்பாய் பாய்மரம் மாதிரி வண்டியை இழுக்கும். அந்த இரண்டு மாதமும் தார்பாயை மடித்து வைத்துவிட்டு, பச்சை நிழல்வலையைக் கட்டி ஓட்டுங்கள், காற்று ஊடே போய்விடும். கத்திரி முடியும்வரை பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை டாப் இருந்தாலும் வண்டியை மரத்தடியில் நிறுத்துங்கள். அந்த மூன்று மணி நேரத்தை விடியற்காலையில் ஓட்டிக்கொள்ளலாம்.